செட்டிநாட்டு வீட்டுக்கு ஒரு போக்கர் சிப் செட்: எந்தப் பொருளில், எந்த நிறத்தில், எத்தனை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளில் பல, ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. கல்யாணம், சாந்தி, படைப்பு, குடமுழுக்கு என்று ஏதாவது ஒன்று வரும்போதுதான் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கும் பங்காளிகள் வந்து சேர்கிறார்கள். விசேஷம் முடிந்த மாலையில் பட்டாலை என்னும் கூடத்தில் ஜமுக்காளம் விரித்துச் சீட்டுக்கட்டைப் பிரிப்பது நெடுநாள் வழக்கம். ரம்மி ஆடிய இடத்தில் இப்போது இளையவர்கள் போக்கர் ஆடுகிறார்கள் என்பதே புதிது. புளியங்கொட்டையையும் சோழியையும் வைத்து ஆடிப் பார்த்தவர்கள், யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணி மாளாத நிலையில், வீட்டுக்கென்று ஒரு சிப் செட், அதாவது பந்தயத்துக்கு வைக்கும் மதிப்பிட்ட வட்டவில்லைகளின் தொகுதி, செய்துகொள்ளலாம் என்ற பேச்சுக்கு வந்துவிடுகிறார்கள்.

அந்தப் பேச்சு பெரும்பாலும் படத்தில்தான் தொடங்குகிறது. சிப்பின் முகத்தில் ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூவைப் போடுவதா, முகப்பைப் போடுவதா, ஐயாவின் (தாத்தாவின்) படத்தைப் போடுவதா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எத்தனை பேர் ஆடுவார்கள், எங்கே உட்கார்ந்து ஆடுவார்கள், எந்த வெளிச்சத்தில் ஆடுவார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே படத்துக்கு வர வேண்டும் என்பது என் கருத்து. சிப் என்பது எதிர்ப்பக்கம் இருப்பவர் ஓரத்தை வைத்து அடையாளம் காண வேண்டிய பொருள். அதன் முகத்தைக் கையில் எடுப்பவர் மட்டுமே பார்க்கிறார்.

அளவைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துச் சூதாட்ட விதிகள் வழக்கமான சிப்புக்கு 1.55 அங்குல விட்டமும் 0.130 அங்குலத் தடிமனும் சொல்கின்றன. மில்லிமீட்டரில் ஏறக்குறைய 39-ம் 3.3-ம். விற்பனைக்குக் கிடைக்கும் தட்டுகளும் பெட்டிகளும் இந்த அளவுக்கே செய்யப்படுவதால், இதை விட்டு விலகுவது வீண் செலவு.

பொருள்தான் முதல் பெரிய முடிவு. மிக மலிவாகக் கிடைப்பது, உள்ளே இரும்புத் தகடு வைத்து வெளியே ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் வார்த்த சிப். ஒன்று 11.5 கிராம் முதல் 14 கிராம் வரை எடை இருக்கும். விளம்பரத்தில் களிமண் கலவை என்று எழுதியிருந்தாலும் கையில் இருப்பது பிளாஸ்டிக்கும் இரும்பும்தான். இதன் நடுவில் இருக்கும் வட்டப் பள்ளத்தில் நாமே அச்சிட்ட ஸ்டிக்கரை ஒட்டிக்கொள்ளலாம் என்பதால், குறைந்த செலவில் வீட்டு அடையாளம் வந்துவிடுகிறது. எடையும் கைக்கு நிறைவாக இருப்பதால் புதிதாக ஆடுபவர்களுக்கு இது உடனே பிடித்துப்போகிறது.

ஆனால் செட்டிநாட்டுச் சூழலுக்கு அந்த ஸ்டிக்கரே பலவீனம். பூட்டிய வீட்டு அலமாரியில் கோடை முழுவதும் கிடந்த செட்டை எடுத்துப் பார்த்திருக்கிறேன்: ஸ்டிக்கரின் விளிம்பு தலைமுடி அகலத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்தது, அடியிலிருந்து கசிந்த பசையில் தூசி ஒட்டி, ஒவ்வொரு சிப்பிலும் ஒரு கறுப்பு வளையம் உண்டாகியிருந்தது. ஒருமுறை விளிம்பு தூக்கிவிட்டால், யோசித்துக்கொண்டே நகத்தால் அதை நெருடுபவர் ஒருவர் எந்தக் கூட்டத்திலும் இருப்பார். இரண்டு நாளில் பாதி உரிந்துவிடும். பக்கத்தில் தேன்குழலும் சீப்புச்சீடையும் இருக்கும்போது எண்ணெய்க் கையும் சேர்ந்துகொள்கிறது. ஸ்டிக்கருக்குப் பதிலாகப் பொன் நிறத் தாளைச் சூட்டில் அழுத்திப் பதிக்கும் முறையும் உண்டு. அது உரியாது, ஆனால் விரல் பட்டுப் பட்டுத் தேயும், நிறமும் ஒன்றே. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இதற்கு எதிர்முனையில் இருப்பது உண்மையான களிமண் சிப். அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் நீண்ட காலமாகப் புழங்குவது இந்த வகை. களிமண்ணோடு பிற பொருள்களைக் கலந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் அச்சில் வார்க்கிறார்கள். ஓரத்தில் தெரியும் வண்ணத் துண்டுகள் வேறு நிறக் கலவையை வெட்டிப் பொருத்தி ஒன்றாக அழுத்தியவை. நடுவில் உள்ள அச்சுத் தாளும் அதே அழுத்தத்தில் சிப்போடு ஒன்றிவிடுவதால் உரிவதற்கு விளிம்பே கிடையாது. எட்டரை முதல் பத்து கிராம் வரைதான் எடை. இரும்பு வைத்த சிப்பின் கணீர் ஒலி இதில் வராது, அடங்கிய ஒலிதான். அழகு என்று பார்த்தால் இதற்கு நிகர் வேறில்லை என்று நானும் ஒப்புக்கொள்வேன். விலையும் இதற்குத்தான் மிக அதிகம். வீட்டு ஆட்டத்துக்கென்று சிறு அளவில் செய்து தருபவர்கள் உலகிலேயே மிகக் குறைவு என்பதால் காத்திருப்பும் நீளும்.

விலையை விட எனக்குத் தடையாகத் தெரிவது வீட்டுத் தரை. மேசைமேல் கம்பளித் துணி விரித்து ஆடும் வீட்டுக்குக் களிமண் சிப் பொருந்தும். செட்டிநாட்டு வீட்டில் ஆட்டம் பெரும்பாலும் தரையில் நடக்கிறது. ஜமுக்காளத்தின் ஓரம் தாண்டினால் ஆத்தங்குடிக் கல்லோ, பளிங்கோ, கருங்கல் படியோதான். குழந்தைகள் நடுவே ஓடும் கூட்டத்தில் சிப் உயரத்திலிருந்து கல்லில் விழும். களிமண் சிப்பின் விளிம்பு உடைந்துபோகும். அது எண்ணெயையும் உறிஞ்சிக்கொள்ளும். புதுக் களிமண் சிப்புக்குக் கனிம எண்ணெய் பூசிப் பளபளப்பாக்கும் வழக்கம் சேகரிப்பாளர்களிடம் உண்டு. அதைக் கேள்விப்பட்டு யாராவது தேங்காய் எண்ணெயை எடுத்துவந்தால் கையைப் பிடித்துத் தடுத்துவிட வேண்டும், சில மாதங்களில் சிக்கு நாற்றம் அடிக்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது செராமிக் சிப். பெயர் அப்படி இருந்தாலும் இது பீங்கான் அன்று. கடினமான பிசின் வகை. ஒன்று ஏறக்குறைய பத்து கிராம். சாயத்தைச் சூட்டால் ஆவியாக்கி மேற்பரப்புக்குள் இறக்கும் முறையில் அச்சிடுவதால், முகம் முழுவதும், விளிம்பு வரைக்கும், பக்கவாட்டு ஓரத்திலும்கூட எந்தப் படத்தையும் எத்தனை நிறத்திலும் கொண்டுவரலாம். உரிய ஸ்டிக்கர் இல்லை, உறிஞ்ச மண் இல்லை. ஆட்டம் முடிந்தபின் இளஞ்சூட்டு நீரில் சிறிது சோப்பு விட்டுக் கழுவித் துடைத்து வைத்துவிடலாம். கல்லில் விழுந்தாலும் தாங்கும்.

குறை இல்லாமல் இல்லை. மேற்பரப்பு வழுவழுப்பாக இருந்தால் இருபது சிப் அடுக்கு ஜமுக்காளத்தின் மேடுபள்ளத்தில் சரிந்துவிடும். ஆகவே சொரசொரப்பான மேற்பரப்பு உள்ளதா என்று கேட்டே வாங்க வேண்டும். முகத்துப் படமும் ஓரத்துப் படமும் சந்திக்கும் இடத்தில் சிறு நகர்வு நேர்வது இந்த அச்சுமுறையின் இயல்பு. முகத்திலிருந்து ஓரத்துக்கு நேர்கோடு இறங்கும்படி வரைந்தால் அந்த நகர்வு பளிச்சென்று தெரியும், பூவும் கொடியுமாக வரைந்தால் கண்ணில் படாது. களிமண் சிப்பைத் தொட்டுப் பழகியவர்களுக்கு இதன் தொடுகை சற்று வெறுமையாகத் தோன்றலாம். நம் வீடுகளில் அப்படிப் பழகியவர்கள் சிங்கப்பூர்த் தம்பிகள் ஓரிருவர்தான். அவர்களுக்காக மற்றவர்கள் செலவு செய்ய வேண்டியதில்லை.

நான்காவதாக ஒரு யோசனை எல்லா வீட்டிலும் எழும்: இடித்த வீட்டுப் பர்மாத் தேக்கு காரைக்குடியில் கிடைக்கிறதே, முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தூணும் நிலையும் விற்கிறார்களே, அதில் கடைந்துகொண்டால் என்ன? கேட்க இனிமையான யோசனை. கணக்குப் போட்டால் தேக்கில் இந்த அளவுச் சிப் சுமார் இரண்டரை கிராம்தான் வரும்; மின்விசிறிக் காற்றுக்கு அடுக்கு ஆடும். எல்லாம் ஒரே பழுப்பாக இருக்கும், சாயம் ஏற்றினால் தேக்கு தேக்காகத் தெரியாது. முந்நூறு சிப்பையும் ஒரே தடிமனுக்குக் கொண்டுவருவது ஆசாரிக்குத் தண்டனை. ஆனால் டீலர் பட்டன் (சீட்டுப் போடும் முறை யாருடையது என்று காட்டும் வில்லை) ஒன்றே ஒன்று, சற்றுப் பெரியதாக, பழைய தேக்கில் செய்துகொள்வதை நான் முழு மனத்தோடு பரிந்துரைக்கிறேன். சுற்றுக்கு ஒருமுறை எல்லார் கையிலும் ஏறி இறங்குவது அதுதான்.

ஆகவே தரையில், தின்பண்டத்தோடு, குழந்தைகள் நடுவே ஆடி, பிறகு மாதக்கணக்கில் பூட்டிவைக்கும் வீட்டுக்குச் செராமிக் என்பதே என் முடிவு. இனி நிறம்.

நிறத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள், ஏனென்றால் கணினித் திரையில் எல்லா நிறமும் தனித்தனியாகத் தெரிகிறது. அமெரிக்க வழக்கில் வெள்ளை 1, சிவப்பு 5, பச்சை 25, கறுப்பு 100 என்று போகும். அதை நாம் பின்பற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. வளவுக்குள் வானம் தெரியும் பகல் வெளிச்சம் வேறு. மாலை ஆறரைக்கு மேல் பட்டாலையின் உயர்ந்த மச்சிலிருந்து இறங்கும் மஞ்சள் விளக்கின் வெளிச்சம் வேறு. அந்த வெளிச்சத்தில் கருநீலம், கரும்பச்சை, கறுப்பு மூன்றும் ஒன்றாகிவிடும். ஜமுக்காளத்தின் சிவப்புப் பட்டையில் விழுந்த சிவப்புச் சிப்பைத் தேடுவதும் நடக்கும். நிறத்தின் பெயரால் வேறுபடுத்தாமல், வெளிறியதிலிருந்து அடர்ந்ததுவரை படிப்படியாக இறங்கும் நான்கு நிறங்களைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு.

அப்படித் தேடும்போது கைக்கு எட்டும் தூரத்திலேயே விடை இருக்கிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையின் மரபு நிறங்கள் கடுகு மஞ்சள், அரக்குச் சிவப்பு, கறுப்பு. அவற்றோடு சுவரின் சுண்ணாம்புப் பூச்சின் வெண்மையைச் சேர்த்தால் நான்கு ஆயிற்று. வெண்மை 25, கடுகு மஞ்சள் 100, அரக்கு 500, கறுப்பு 1000 என்று வைத்துக்கொள்ளலாம். இதில் ஓர் எச்சரிக்கை: சிவப்பு–பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாத ஆண்கள் பெரிய குடும்பத்தில் ஒருவராவது இருப்பார், அவர்களில் சிலருக்கு அரக்குச் சிவப்பு ஏறக்குறையக் கறுப்பாகவே தெரியும். ஆகவே கறுப்புச் சிப்பின் ஓரத்தில் அகலமான வெண்பட்டை கட்டாயம் வேண்டும். ஓரத்தையே இப்படிப் படிவைத்துச் செய்யலாம்: 25-க்கு வெறும் ஓரம், 100-க்கு இரண்டு பட்டை, 500-க்கு நான்கு, 1000-க்கு அந்த வெண்பட்டையால் ஆன கண்டாங்கிக் கட்டம். இருபது சிப்பை அடுக்கினால் ஆறரை சென்டிமீட்டர் உயரம் வரும். அந்த உயரத்தில் கட்டம் சேலையின் முந்தானையைப் போலவே ஓடும். முகத்தில் எதுவும் வரையாவிட்டாலும் இந்தச் செட் எந்த ஊருடையது என்று தெரிந்துவிடும்.

எண்ணிக்கையை ஊகத்தில் விடாமல் கணக்கிட்டுவிடுவது நல்லது. பன்னிரண்டு பேர் ஆடுவதாகவும் ஆளுக்கு 5,000 புள்ளி கொடுப்பதாகவும் கொள்வோம். 25-இல் எட்டு, 100-இல் எட்டு, 500-இல் நான்கு, 1000-இல் இரண்டு என்று கொடுத்தால் 200, 800, 2,000, 2,000 ஆகச் சரியாக 5,000 வரும். கையில் 22 சிப் இருக்கும். பன்னிரண்டு பேருக்கு 96, 96, 48, 24 வீதம் 264 சிப் வேண்டும். இதை 100, 100, 60, 40 என்று உயர்த்தி 300 ஆக வாங்கிக்கொண்டால் மிச்சமுள்ள பன்னிரண்டு ஐந்நூறும் பதினாறு ஆயிரமும் சேர்ந்து 22,000 மதிப்பு. ஆட்டம் போகப்போக பிளைண்ட் (சீட்டு பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்கும் பந்தயம்) உயர்ந்து சிறு சிப்புகளுக்கு வேலை இல்லாமல் போகும்போது, ஆட்டத்தில் உள்ள 25-களும் 100-களும் மொத்தமாக 12,000-தான். அவற்றை வாங்கிக்கொண்டு பெரிய சிப் கொடுத்துவிடலாம். அதன் பிறகும் 10,000 மீதம் இருப்பதால், சீக்கிரம் தோற்ற இருவருக்கு மறுபடி இடம் கொடுக்க முடியும். இன்னொரு வசதி, நூறு சிப் கொள்ளும் தட்டில் இருபது இருபதாக ஐந்து வரிசை இருக்கும்: முதல் தட்டு முழுதும் 25, இரண்டாவது முழுதும் 100, மூன்றாவதில் மூன்று வரிசை 500, இரண்டு வரிசை 1000. ஒரு சிப் காணாமல் போனால் வரிசையில் பள்ளம் தெரிந்துவிடும்.

ஐந்நூறு சிப் செட்தான் கௌரவம் என்று சொல்பவர்கள் உண்டு. இருபது பேருக்கு மேல் இரண்டு வட்டமாக ஆடும் வீடானால் சரி; இல்லையென்றால் பாதி சிப் பெட்டியை விட்டு வெளியே வராது. எடையையும் நினைத்துப் பார்க்க வேண்டும்: முந்நூறு செராமிக் மூன்று கிலோ, அதே முந்நூறு 13.5 கிராம் இரும்புச் சிப் நான்கு கிலோவைத் தாண்டும். ஊருக்கு வரும் உறவினரின் விமானப் பெட்டியில் வர வேண்டிய பொருள் என்றால் அந்த ஒரு கிலோவுக்காக அவர் முகம் சுளிப்பார்.

எண்ணை எந்த எழுத்தில் போடுவது என்பதில் வீட்டுக்கு வீடு வாக்குவாதம் வருகிறது. பழைய கணக்கேடுகளில் இருக்கும் தமிழ் எண்களைப் போட வேண்டும் என்று பெரியவர்கள் விரும்புவது நியாயமே. ௱, ௲ இரண்டும் சிப்பின் நடுவில் மிக எடுப்பாக அமையும். ஆனால் வெளிநாட்டில் பிறந்த பேரன் மட்டுமல்ல, உள்ளூர்ப் பள்ளியில் படிக்கும் பேத்தியும் அவற்றைத் தயங்காமல் படிப்பாள் என்று சொல்ல முடியாது. ஆட்டத்தின் நடுவில் எண்ணை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ஒரு முகத்தில் 25, 100, 500, 1000 என்று பெரிதாகவும், மறு முகத்தில் ௨௰௫, ௱, ௫௱, ௲ என்று மரபு முறைப்படியும் போட்டால் இரு தரப்பும் அமைதியாகும். செராமிக்கில் இரு முகமும் வேறுவேறாக அச்சிட இயலும் என்பது இங்கே கைகொடுக்கிறது. எதுவானாலும் ரூபாய்க் குறி மட்டும் வேண்டாம். இது பணம் வைத்து ஆடும் செட் அன்று. தமிழ்நாட்டில் 1930 முதலே சூதாட்டச் சட்டம் நடப்பில் இருக்கிறது; வீட்டு விளையாட்டுப் பொருளில் காசின் தோற்றத்தை நாமே ஏன் வரவழைத்துக்கொள்ள வேண்டும்?

பெயருக்கு வருவோம். நம் வீட்டுப் பித்தளை, எவர்சில்வர்ச் சாமான்களில் விலாசத்தின் (குடும்பப் பெயர்வரிசையின்) முதலெழுத்துகளை வெட்டிவைப்பது போலவே சிப்பிலும் விலாசம் போடுவது இயல்பாக இருக்கும். யார் செலவு செய்கிறாரோ அவர் பெயரைப் போடலாம் என்ற பேச்சு எழுந்தால் அப்போதே மறுத்துவிடுவது நல்லது. பெரிய வீடு பல பங்காளிகளுக்குப் பொது. எல்லாரும் எந்த ஐயாவிடம் போய்ச் சேர்கிறார்களோ அவருடைய விலாசத்தைப் போட்டால், அடுத்த தலைமுறையிலும் செட் வீட்டிலேயே இருக்கும்.

படத்தில் ஒரு தடை உண்டு. நிலைக்கதவின் மேல் செதுக்கியிருக்கும் கஜலட்சுமி எல்லாருக்கும் முதலில் தோன்றும் படம். தரையில் சிதறி, காலில் மிதிபடும் பொருளில் லட்சுமியை அச்சிட எந்த ஆச்சியும் சம்மதிக்க மாட்டார். "சாமியக் கால்ல போட்டு மிதிக்கவா செய்றீக?" என்ற ஒரு கேள்வியில் முழுச் செட்டும் பரணுக்குப் போய்விடும். கிளி, அன்னம், பூங்கொடி இவற்றில் யாருக்கும் வருத்தம் இல்லை. ஐயாவின் படத்தையும் இதே காரணத்தால் விட்டுவிடலாம்.

ஆத்தங்குடிக் கல்லின் பூ எல்லாருக்கும் உடன்பாடான தேர்வு. ஆனால் முழுக் கல்லையும் அப்படியே சுருக்கினால் கெடும். கண்ணாடிமேல் தகர அச்சை வைத்து, வண்ணச் சிமென்ட்டை ஒவ்வொரு அறையிலும் கையால் ஊற்றிச் செய்யும் கல் அது. அதன் கோடுகள் சாண் அகலக் கல்லுக்காக அமைந்தவை. 39 மில்லிமீட்டருக்குள் சுருக்கும்போது இதழ்களுக்கு இடையே உள்ள வெண்கோடு மயிரிழையாகி, அச்சில் அடைபட்டுவிடும். பூவின் நடு வட்டத்தையோ, நான்கு கல் சேரும் மூலையில் உண்டாகும் வடிவத்தையோ மட்டும் எடுத்துப் பெரிதாக்கி, இரண்டு நிறத்துக்குள் நிறுத்திக்கொள்வது தெளிவாக இருக்கும். அச்சுக்குக் கொடுக்கும் கோப்பு, புகைப்படமாக இல்லாமல் கோட்டுப்படமாகவே இருக்க வேண்டும். விளிம்புக்கு வெளியே இரண்டு மூன்று மில்லிமீட்டர் நிறம் கூடுதலாக ஓட வேண்டும். எண் விளிம்பைத் தொடக்கூடாது.

பெட்டிக்கு, 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற செட்டிநாட்டுக் கொட்டானை (பனையோலைக் கூடையை)ச் சிலர் நினைக்கிறார்கள். ஆளுக்கு 22 சிப்பை எண்ணிப் போட்டுக் கொடுக்கச் சிறு கொட்டான் மிக அழகு. மூன்று கிலோவையும் அதிலேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போனால் பனையோலைக்கும் தாங்காது, பூச்சிக்கும் விருந்து. சேமிக்க அக்ரிலிக் தட்டும் மூடியுள்ள உலோகப் பெட்டியும் போதும்.

பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டே. வரைந்ததை உண்மை அளவில் தாளில் அச்சிட்டு, அட்டையில் ஒட்டி வெட்டி, இரவு விளக்கில் ஜமுக்காளத்தின்மேல் வைத்து, எதிர்ப்பக்கம் வயதில் மூத்தவர் ஒருவரை உட்காரவைத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். அவர் தடுமாறினால் எண்ணைப் பெரிதாக்க வேண்டும், பூவைச் சிறிதாக்க வேண்டும். அடுத்து, நிறத்துக்கு ஒன்றாக மாதிரிச் சிப் நான்கு வரவழைத்துப் பார்க்க வேண்டும். கடுகு மஞ்சள் அச்சில் எலுமிச்சை நிறமாகவோ ஆரஞ்சாகவோ திரும்பிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

ஆறு பேருக்கு மேல் ஒருபோதும் சேராத வீட்டுக்கும், மேசையில் மட்டுமே ஆடுபவர்களுக்கும் இந்த முடிவு பொருந்தாது. முன்னவர்கள் ஸ்டிக்கர் சிப் இருநூறு வாங்கி, ஸ்டிக்கர் உரிந்தால் வேறு அச்சிட்டு ஒட்டிக்கொள்ளலாம். பின்னவர்கள் வசதியும் பொறுமையும் இருந்தால் களிமண்ணுக்கே போகலாம். எதை வாங்கினாலும் நிறத்துக்குப் பத்துச் சிப் கூடுதலாக முதல் முறையிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு தனியாகக் கேட்டால் வேறு தொகுதியின் அச்சு சற்றேனும் நிறம் மாறி வரும். குறைந்த எண்ணிக்கைக்கு அச்சிட அவர்கள் ஒத்துக்கொள்வதும் அரிது.